ஸ்லாக் தொட்டி மக்கர் பண்ணினால்: கொட்டகைக் கழுவுநீரில் மணிச்சத்தைப் பிடிப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

நீடாமங்கலத்துக்குத் தெற்கே பாமணியாற்றுப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் நிலமும் பத்துக் கறவை மாடுகளும் உண்டு. கொட்டகை கழுவின தண்ணீர் முன்பெல்லாம் வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குளம் முழுக்க ஆகாயத்தாமரை. இரண்டு முறை ஆள் வைத்து அள்ளியும் மூன்றே மாதத்தில் மறுபடி மூடிக்கொண்டது. சாணமும் கோமியமும் கொண்டுபோகும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதற்கு நல்ல தீனி. அதை மறிக்கத்தான் இரும்பாலைக் கழிவான ஸ்லாக்கை நிரப்பிய வடிகட்டித் தொட்டியைக் கட்டினேன். நம் ஊர்க் கொல்லர்கள் கிட்டம் என்பார்களே, அதன் பெரிய ஆலை வடிவம்தான் இது.

என்னைப் பார்த்துக் கட்டிய சிலர் இப்போது போனில் கூப்பிட்டு, "தொட்டி வேலை செய்யல, கல்லை மாத்திடலாமா?" என்கிறார்கள். பொறுங்கள். கோளாறு தெரிவது ஸ்லாக் தொட்டியில் என்றாலும், பாதிக்கு மேல் அது தொடங்குவது அதற்கு முந்தைய இடத்தில். கல்லை மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை டன்னுக்கு மேல் கல்லை அள்ளிக் கொட்டிய பிறகு, காரணம் பால் கேனில் இருந்தது என்று தெரிந்தால் வயிறு எரியும். எனக்கு எரிந்திருக்கிறது.

என் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுக்கொள்ள உதவும். கொட்டகையிலிருந்து வரும் நீர் முதலில் இரண்டு தெளிவுத் தொட்டிகளில் தங்கிச் சாணத்தை இறக்கிவிடும். அப்புறம் நாலடி விட்டச் சிமெண்ட் உறைகளை அடுக்கிக் கட்டிய ஸ்லாக் தொட்டி. அடியில் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் நாலரை அடி உயரத்துக்கு ஸ்லாக். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழியும். அங்கிருந்து கல்வாழைப் பாத்தி, கடைசியில் வாய்க்கால்.

ஸ்லாக்கில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைக் காரமாக்கும். அந்தக் காரத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லின் மேல் படியும். நம் எலும்பும் பல்லும் ஆன பொருளின் உறவுதான் அந்தப் படிவு. காரம் இருக்கும்வரை வேலை நடக்கும், காரம் போனால் வேலையும் போகும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கதியைச் சுற்றித்தான்.

எதற்கும் முன்னால் மூன்று அளவு

முதலாவது பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். ஏழு நடு, அதற்கு மேலே ஏற ஏறக் காரம். உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் வாரம் ஒருமுறை பார்த்துக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். நாகப்பட்டினம், சீர்காழி பக்கம் இறால் பண்ணைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் பி.எச். சோதனைக் கிட்டும் பாஸ்பேட் சோதனைக் கிட்டும் கிடைக்கும். கிட் தீர்ந்துபோன நாளில் சமையல்கட்டு மஞ்சள் போதும். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, வெளிநீரில் ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தால் காரம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் பி.எச். எட்டரை வாக்கில் அல்லது அதற்கும் கீழே போய்விட்டது. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மஞ்சள் வித்தியாசம் காட்டாது, அதற்குக் கிட்தான்.

இரண்டாவது ஓட்டம். வெளிக்குழாயில் வாளியை வைத்து எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். மூன்றாவது பாஸ்பேட். இது மாதம் ஒருமுறை போதும்.

முதல் நாளிலிருந்தே மணிச்சத்து குறையவில்லை

வந்து இறங்கியது தவறான ஸ்லாக். பெரும்பாலும் இதுதான் காரணம். லாரிக்காரருக்கு எல்லாமே ஸ்லாக்தான், நமக்கு அப்படி இல்லை. சிறிய உருக்காலைகளில் இண்டக்‌ஷன் உலையிலிருந்து வருவது மணல்சத்து மிகுந்தது. கறுப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். சுண்ணாம்பு அதில் சொற்பம். மணிச்சத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பு மிகுந்த எஃகு ஸ்லாக் வேண்டும். உடைத்தால் சாம்பல் நிறம், நுண்ணிய துளைகள், கையில் எடுத்தால் இரும்பின் கனம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கைப்பிடி ஸ்லாக்கை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் போட்டு ராத்திரி மூடி வைத்து, காலையில் பி.எச். பாருங்கள். பத்தரைக்கு மேலே இருந்தால் வாங்கலாம். எட்டு ஒன்பதில் நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். லோடு இறங்கிய பிறகு இந்தச் சோதனை செய்து புண்ணியமில்லை. மாதிரியை முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். இப்படிப் பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்ளவும். புது ஸ்லாக் ஊறின தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரித் தோலைத் தின்றுவிடும்.

சரியான ஸ்லாக்கே ஆனாலும் ஆலை முற்றத்தில் பல வருடம் மழையில் கிடந்தது என்றால் மேல்பரப்பின் சுண்ணாம்பு காற்றிலேயே கெட்டுப்போயிருக்கும். அதையும் இதே சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகு செய்யும் ஆலையின் ஸ்லாக் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதில் குரோமியம் இருக்கும். போதாததற்கு அந்த வகையில் சில, ஆறும்போதே தானாக மாவாகப் பொடிந்துவிடும். எந்த ஸ்லாக் ஆனாலும் கன உலோகக் கசிவுக்கான ஆய்வகச் சீட்டைக் கேளுங்கள். இது வயலுக்கும் குளத்துக்கும் போகிற தண்ணீர்.

இதோடு இன்னும் சில கழிவுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். உரத் தொழிற்சாலை ஜிப்சம் வேண்டவே வேண்டாம், அதில் ஏற்கனவே பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு நிறைய. பிடிக்கத்தான் செய்யும், ஆனால் மாவு மாதிரி இருப்பதால் ஒரே வாரத்தில் சேறாகி அடைத்துக்கொள்ளும். அலுமினிய ஆலைச் செம்மண் கழிவில் சோடியம் அதிகம். கடைமடையில் ஏற்கனவே உப்போடு மல்லுக்கட்டும் நிலத்துக்கு அதைக் கொண்டுவருவது அறிவான காரியம் இல்லை. படிகாரம் போட்டுக் குடிநீரைத் தெளியவைக்கும் இடத்துச் சேறு அருமையான பொருள், காரமே ஏற்றாமல் பாஸ்பேட்டைப் பிடிக்கும். கிடைத்தால் விடாதீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் கொள்ளிடத்து மணலில் கிணறு இறக்கித் தண்ணீர் எடுப்பதால் அந்தச் சேறு எளிதில் அகப்படாது.

நன்றாக இருந்தது, மெல்ல மெல்ல ஏறுகிறது

சுவரில் எழுதிய பி.எச். கணக்கைப் பாருங்கள். மணிச்சத்து ஏறுவதற்குச் சில வாரம் முன்பே வெளிநீர் பி.எச். இறங்கத் தொடங்கியிருக்கும். என் தொட்டியில் பத்தரைக்கு மேல் இருக்கும்வரை கவலை இருந்ததில்லை. ஒன்பதரைக்கு வந்தால் கண் வைப்பேன். ஒன்பதுக்குக் கீழே போனால் கல் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

அது களைக்க வேண்டிய காலம்தானா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நியூசிலாந்தில் வையுக்கு என்ற ஊரின் கழிவுநீர் நிலையத்தில் பக்கத்து இரும்பாலையின் ஸ்லாக்கைக் கொட்டி 1993இல் வடிகட்டி அமைத்தார்கள். முதல் 5 ஆண்டுகளில் வந்த பாஸ்பரஸில் நூற்றுக்கு 77 பங்கை அது பிடித்தது. ஒரு டன் ஸ்லாக் 1.23 கிலோ பாஸ்பரஸை வாங்கிக்கொண்ட பிறகு திறன் சரிந்தது. அந்த அளவையே நம் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். என் தொட்டியில் ஒன்றரைக் கன மீட்டர் ஸ்லாக், ஏறக்குறைய 2.7 டன். அப்படியென்றால் 3.3 கிலோ பாஸ்பரஸ் பிடிக்கும். பத்து மாட்டுக்குக் கழுவுநீர் 600 லிட்டர். தெளிந்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைந்த பாஸ்பரஸ் என்றால் நாளைக்கு 12 கிராம். 3300ஐ 12ஆல் வகுத்தால் 275 நாள், அதாவது ஒன்பது மாதம்.

வையுக்குவில் ஐந்து வருடம் ஓடியது நமக்கு ஏன் ஒன்பது மாதம்தான் என்று நினைப்பீர்கள். ஊர்க் கழிவுநீர் வேறு, கொட்டகை நீர் வேறு. நம்முடையது கெட்டி. ஐந்து வருடம் ஓட வேண்டுமென்றால் ஒன்று பெரிய தொட்டி வேண்டும், அல்லது சாணத்தை முன்னாலேயே அள்ளிவிட வேண்டும். இரண்டாவதுதான் மலிவு.

உங்கள் கணக்கு ஒன்பது மாதம் சொல்லி, தொட்டி மூன்றே மாதத்தில் களைத்தால் காரணம் வேறு. தண்ணீர் கல் முழுவதையும் தொடாமல் ஒரே தடத்தில் ஓடி வெளியேறிக்கொண்டிருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உப்பு. அரைக் கிலோ உப்பை இருபது லிட்டர் தண்ணீரில் கரைத்து நுழைவாயில் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவால் வெளிநீரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். தொட்டி ஒழுங்காக ஓடினால் அளவு ஏற ஒரு நாள் வாக்கில் பிடிக்க வேண்டும். எனக்கு இரண்டே மணி நேரத்தில் ஏறியது. உறைச் சுவரை ஒட்டி ஒரு ஓட்டை மாதிரித் தடம் விழுந்திருந்தது.

அந்தத் தடம் ஏன் விழுந்தது? காலையில் கழுவும்போது 300 லிட்டர், சாயங்காலம் 300 லிட்டர், ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தில் திபுதிபுவென்று உள்ளே பாய்ந்ததால். தெளிவுத் தொட்டிக்கும் ஸ்லாக் தொட்டிக்கும் நடுவே ஒரு பந்து வால்வு (ball valve) வைத்து, தண்ணீர் விரல் தடிமனுக்கும் கீழே நாள் முழுக்கச் சொட்டுகிற மாதிரித் திருகி விட்டேன். கல்லைக் கடப்பாறையால் கிளறித் தடத்தை மூடினேன். அடுத்த மாதமே கணக்கு நேரானது. அந்த வால்வில் வாரம் ஒருமுறை வைக்கோல் துணுக்கு மாட்டும். வெள்ளிக்கிழமை கொட்டகை கழுவும்போது ஒருமுறை முழுக்கத் திறந்து மூடினால் தீர்ந்தது.

உண்மையாகவே களைத்த கல்லுக்கும் ஒரு மருந்து உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்துப் பால் பண்ணைக் கழிவுநீரில் ஸ்லாக்கை வைத்து ஆய்வு செய்தவர்கள், தொட்டியை வடித்துச் சில வாரம் காயவிட்டால் கல் மறுபடி கொஞ்சம் பிடிக்கும் என்று கண்டார்கள். அங்கே உறைபனி ஒரு தொல்லை. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது, சித்திரை வெயில் இருக்கிறது. அதனால் நான் இரண்டு உறைத் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். ஒன்றை ஏப்ரல், மே இரண்டு மாதமும் வடித்துக் காயப்போடுவேன். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் அது தயாராகிவிடும். புதுக் கல் மாதிரி ஆகிவிடாது, இன்னொரு சில மாதம் தாக்குப்பிடிக்கும்.

திடீரென்று ஒரே வாரத்தில் எகிறியது

கல்லைத் தொடாதீர்கள். கொட்டகையில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

ஒரு தடவை எனக்கு வெளிநீர் அளவு ஒரே வாரத்தில் மூன்று மடங்கானது. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பால் கறக்க வரும் அண்ணனிடம் சும்மா கேட்டேன். "மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுப் பாலைச் சொசைட்டில ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல தம்பி? அதான் அப்பப்ப கால்வாயில ஊத்திடறேன்" என்றார். இரண்டு மாடு, காலையும் மாலையும், நாளைக்கு இருபது லிட்டர். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. என் தொட்டிக்கு நாளெல்லாம் வருவதே 12 கிராம், அந்த ஒரு கேன் மட்டும் அதற்கு மேலே இன்னொரு இருபது கிராமைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. போதாததற்குப் பால் கொழுப்பு கல்லின் மேல் வழவழவென்று படிந்து உள்ளே தண்ணீர் போகவிடாமல் செய்துவிட்டது. அண்ணன் மேல் தப்பு இல்லை. ஊற்றக் கூடாது என்று சொன்னேனே ஒழிய எங்கே ஊற்றுவது என்று சொல்லவில்லை. இப்போது அந்தப் பால் எருக்குழிக்குப் போகிறது.

இரண்டாவது சந்தேகம் கறவை இயந்திரம் கழுவும் ஆசிட் மருந்து. பால் கல் படிவை நீக்க விற்கும் திரவங்களில் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம்தான் முக்கியச் சரக்கு. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்தக் கழுவுநீரைத் தனியாக ஒரு தென்னைக்குப் பாய்ச்சினால் முடிந்தது.

மூன்றாவது தீவனம். தவிட்டில் மணிச்சத்து எக்கச்சக்கம். அரவை ஆலையில் தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று கூடக் கலந்து, மேலே தாது உப்புக் கலவையையும் தாராளமாக அள்ளிப் போட்டால், மாடு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாணத்தில் விட்டுவிடும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகிற வேலை இருந்தால் உங்கள் தீவனக் கலவையை எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள்.

தண்ணீர் இறங்கவில்லை, மேலேயே வழிகிறது

மூன்று விதமான அடைப்பு உண்டு. கையை விட்டுப் பார்த்தாலே எது என்று தெரியும், கையுறையோடு.

வழவழவென்று பச்சையும் பழுப்புமாக இருந்தால் சாணம். தெளிவுத் தொட்டி நிறைந்துபோய் அடிச்சேறு தாண்டி வந்திருக்கிறது. இதற்குக் கல்லைக் கழுவுவதைவிடச் சாணத்தைத் தண்ணீர் விடுமுன் மண்வெட்டியால் அள்ளுவதுதான் வைத்தியம். காய்ந்த சாணமாகவே எருக்குழிக்குப் போகும் மணிச்சத்து வயலுக்குத் திரும்பும், கழுவினால் கல்லுக்குப் போகும். கல்லுக்குள் போனது நெல்லுக்கு எளிதில் வராது. தெளிவுத் தொட்டியின் வெளிக்குழாய் வாயில் தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

வெள்ளையாக, வெந்நீர்க் குண்டானின் அடியில் படிகிற மாதிரி ஓடு கட்டியிருந்தால் அது சுண்ணாம்புக்கல். நம் போர்த் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு, ஸ்லாக்கின் சுண்ணாம்பைக் கண்டதும் அது கல்லாகிவிடும். எப்போதும் நுழைவாயில்தான் அதிகம் படியும். எனவே நுழைவாய்க் கல்லில் ஒரு வாளி அளவைத் தனியே ஒரு கம்பிக்கூடையில் போட்டு வையுங்கள். அடைத்ததும் கூடையை மட்டும் தூக்கி மாற்றலாம். வெளிக்குழாய் வாயிலும் படியும். அந்த வாயைத் தண்ணீருக்குள் முங்கினபடி வைத்தால் காற்றுப் படாமல் படிவு குறையும்.

இந்தப் படிவைக் கரைக்கிறேன் என்று ஆசிட் ஊற்றாதீர்கள். தொட்டியின் அடியில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். ஆசிட் பட்டால் அழுகிய முட்டை வாடை வாயு கிளம்பும், மூடின உறைக்குள் அது ஆளையே கொல்லும். அடைப்பு எடுக்க யாரையும் உறைக்குள் இறக்கவும் வேண்டாம். மேலே நின்று கடப்பாறையும் கொக்கியும் வைத்து வேலை செய்யுங்கள்.

மூன்றாவது, கல்லெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சிமெண்ட் போட்ட மாதிரிப் பாளமாகி நிற்பது. சலிக்காமல் கொட்டியதன் பலன். ஸ்லாக் தூள் சிமெண்டின் தம்பி, தண்ணீர் பட்டால் இறுகும். உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. புதிதாகப் போடும்போது கொண்டைக்கடலையிலிருந்து நெல்லிக்காய் வரையிலான அளவை மட்டும் சலித்து எடுத்து, தூள் போகக் கழுவிப் போடுங்கள்.

வெளிநீர் கையில் வழுக்குகிறது, குளத்தில் மீன் மிதக்கிறது

இது எனக்கே நடந்தது. முதல் தொட்டி கட்டி முடித்த ஆர்வத்தில் மறுநாளே வாய்க்காலில் திறந்துவிட்டேன். பங்குனி மாதம், குளத்தில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் ஜிலேபிக் கெண்டையெல்லாம் வயிறு தெரிய மிதந்தது. குளக்குத்தகைக்காரர் வாசலில் வந்து நின்று, "என்ன தம்பி, மருந்து ஏதும் கலந்தீங்களா?" என்றார். பி.எச். பார்த்தால் 12. நஷ்டத்தைக் கொடுத்தேன். அதைவிட அவர் அப்படிக் கேட்டதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகளில் ஆறு, குளங்களில் விடும் கழிவுநீருக்குப் பி.எச். 5.5க்கும் 9க்கும் நடுவே, கரைந்த பாஸ்பேட் பாஸ்பரஸாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் என்று வரம்பு இருக்கிறது. மணிச்சத்தை மட்டும் பார்த்துப் பி.எச்.சை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

புது ஸ்லாக்கைப் போட்டதும் முதலில் நல்ல தண்ணீரால் பல முறை நிரப்பி வடியுங்கள். அந்த நீரைக் காலித் திடலில் பரவலாக விடுங்கள். அதன்பிறகும் வெளிநீர் பதினொன்று காட்டும். அதை நேரே வாய்க்காலில் விடாமல் கல்வாழையோ கோரையோ வைத்த மட்கின வைக்கோல் பாத்தி வழியாக நடக்க விடுங்கள். மட்கும் வைக்கோல் விடும் கரியமில வாயு காரத்தைத் தின்றுவிடும். என் பாத்தி இருபதடி நீளம், வெளியே எட்டரைக்கு வருகிறது. வடிகட்டாத கழுவுநீரைக் கலந்து பி.எச்.சைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடித்த மணிச்சத்துக்குப் பதில் புதுசை ஊற்றுவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

நெடியும் நிறமும்

கண் எரிந்து மூக்கைத் துளைக்கும் நெடி என்றால் அமோனியா. கோமியத்திலிருந்து வருவது. பி.எச். 9.2 வாக்கில் தண்ணீரிலுள்ள அமோனியாவில் பாதி வாயுவாகிவிடும், அதற்கு மேலே ஏற ஏற இன்னும் அதிகம். கோமியம் தேங்கி ஊறிய பிறகு தொட்டிக்கு வந்தால் நெடி கூடும். அன்றன்றைக்குக் கழுவிவிடுங்கள், தொட்டியை வீட்டு ஜன்னலுக்கு நேரே கட்டாதீர்கள்.

அழுகிய முட்டை வாடையோடு மஞ்சள் பச்சை நிறத்தில் நீர் வந்தால் உங்களுக்கு வந்தது எஃகு ஸ்லாக் இல்லை, இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையின் ஸ்லாக். அதில் கந்தகம் இருக்கும். கொஞ்ச நாள் கழுவி வடித்தால் குறையும். வாடையோடு கல் கறுத்திருந்தால், தொட்டிக்குள் அழுகும் சாணம் அதிகம். மறுபடியும் தெளிவுத் தொட்டியைப் பாருங்கள்.

கிட் ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறு சொல்கிறது

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே சொல்லியிருக்கும். கிட் பாஸ்பேட்டாகக் காட்டும், ஆய்வகம் பாஸ்பரஸாக எழுதும். கிட் அளவை மூன்றால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். இறால் குளத்துக் கிட் சின்ன அளவுகளுக்கானது, கொட்டகை நீருக்கு நீலம் கன்னங்கரேலென்று ஏறிவிடும். பேட்டரித் தண்ணீரில் இருபது மடங்கு கரைத்துப் பார்த்து இருபதால் பெருக்குங்கள். வெளிநீர் கடும் காரம் என்பதால் கிட்டின் அமிலத்தை அது முறித்துவிடும், நிறமே வராமல் போகலாம். அதைப் பார்த்து மணிச்சத்து பூஜ்யம் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு வேண்டாம், அதிலுள்ள அமிலம் நிறத்தைக் கெடுக்கும். கரைத்துவிட்டுப் பார்த்தாலே இந்தச் சிக்கல் பெரும்பாலும் போய்விடும்.

உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகமாகக் காட்டினால், மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள், இப்போது வெளியே வருவது ஒரு நாள் முன்னால் உள்ளே போன நீர். இன்னொன்று, கிட் கரைந்த பாஸ்பேட்டை மட்டும் எண்ணும். சாணத்துகளுக்குள் பூட்டிக்கிடந்தது தொட்டிக்குள் அழுகிக் கரைந்து வெளிவரும்போதுதான் கணக்கில் ஏறும்.

ஐப்பசி, கார்த்திகையில்

வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் கொட்டகை வாசல்வரை வரும். உறை இணைப்பில் விரிசல் இருந்தால் வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து, 600 லிட்டர் ஓட வேண்டிய தொட்டியில் இரண்டாயிரம் லிட்டர் ஓடும். அளவு குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் தண்ணீர்தான் கூடியிருக்கும். வாளிக் கணக்கு இங்கேதான் உதவும். ஓட்டத்தையும் அளவையும் பெருக்கிப் பாருங்கள். கொட்டகைக் கூரை நீரைக் கழுவுநீர்க் கால்வாயில் சேராமல் பீலி போட்டுத் தனியே வெளியேற்றுங்கள்.

ஸ்லாக் நிறைந்த தொட்டி கனத்தினால் அசையாது. மண்ணில் புதைத்த காலிப் பிளாஸ்டிக் தெளிவுத் தொட்டி மட்டும் ஈரமண்ணிலிருந்து மிதந்து எழும்பும், குழாய்களையும் பிய்த்துக்கொண்டு. ஐப்பசி முழுக்க அதை நிரப்பியே வைத்திருங்கள்.

களைத்த கல்லை எங்கே கொட்டுவது

நெல் வயலுக்கு வேண்டாம். டெல்டா மண்ணில் ஏற்கனவே துத்தநாகப் பற்றாக்குறை உண்டு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போட்டுச் சமாளிக்கிறோம். மேலும் சுண்ணாம்பைக் கொட்டினால் பயிருக்குத் துத்தநாகம் இன்னும் எட்டாமல் போகும். கன உலோகச் சீட்டு சுத்தமாக இருந்தால் கொட்டகைக்கு வரும் வண்டிப்பாதையில் மேடு தூக்கப் போடலாம். என் பாதை அதுதான். மழைக்கு முன்னால் மாட்டு வண்டிச் சக்கரம் அரையடி அமிழும், இப்போது பால் வேன் வாசல்வரை வருகிறது.